பேச்சாளர் ஏழு

ரோஸி மம்மி பட்டுப்புடவைதான் கட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். "மம்மி, கல்யாணம் இல்ல, ஒரு மீட்டிங்தான்" என்றேன். கேட்டால்தானே. காலையில் கோயிலுக்குக் கட்டின காட்டன் புடவையை மடித்து வைத்துவிட்டு, மைசூர் சில்க்கை எடுத்துக் கட்டி, முத்துமாலையும் போட்டுக்கொண்டு, சாயங்கால மீட்டிங்குக்கு மதியச் சாப்பாடு முடிந்ததுமே சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். என் அண்ணன் டேவிட்டின் மனைவி கிருத்திகா அன்றைக்கு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அரங்கத்தில் பேசப்போகிறார். பெங்களூரில் இருக்கிற தமிழர்கள் எந்தெந்த இடத்தில் எப்படி எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் அண்ணியின் ஆராய்ச்சி. அதற்காக ஒரு கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் சின்ன மெஷின் ஒன்றை வைத்து நாங்கள் பேசினதை எல்லாம் பிடித்துக்கொண்டு போயிருந்தார். "நம்ம வாய்ஸும் வரும் இல்ல?" என்று மம்மி ஆட்டோவில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வரும் மம்மி, வரும் என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாமியாரை மம்மி என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் ஷெர்வின் அப்படிக் கூப்பிடுகிறார், நானும் அப்படியே. என்னைப் பெற்றவள் அம்மா. பெயர் சொர்ணம். கோலார் தங்கவயலில், மூடிப்போன சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். அப்பா அந்தச் சுரங்கத்தில் இறங்கி ஏறி, நெஞ்செல்லாம் தூசி அடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பிரேசர் டவுன்வாசி. வேலை ஒரு பல் டாக்டர் கிளினிக்கில், வாசலுக்கு நேரே இருக்கிற மேஜையில். காலையிலிருந்து அந்த மேஜையில் என் வாய் ஓயாது. வாங்க, உட்காருங்க என்பதையே ஆளுக்கு ஒரு பாஷையில் சொல்வேன். ஒருத்தருக்கு "பன்னி சார், கூத்கொள்ளி" என்று கன்னடம். புர்கா போட்டுக்கொண்டு வரும் அம்மாக்களுக்கு "ஆவோ ஆப்பா, பைட்டோ" என்று உருது. ஐடி கம்பெனிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ். அதிலெல்லாம் எனக்குக் கஷ்டம் இல்லை, அது சம்பளத்துக்குப் பேசுவது. கஷ்டம் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

மம்மி வீட்டுத் தமிழ் வேறு. அங்கே யாரும் துன்ன மாட்டார்கள், சாப்பிடுவார்கள். எதுவும் அங்கே கீது இல்லை, இருக்கு. நீ மாற்றிக்கொள் என்று அந்த வீட்டில் ஒருத்தர்கூட என்னிடம் சொன்னது கிடையாது, பொய் சொல்லக் கூடாது. கல்யாணமான புதிதில், விருந்துக்கு வந்த ஓர் ஆன்ட்டி தண்ணீர் கேட்டபோது, "குடத்துல கொஞ்சமா கீது ஆன்ட்டி, எத்தினு வரேன்" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்துவிட்டேன். ஆன்ட்டி சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை, குழந்தை ஏதாவது சொன்னால் சிரிப்போமே, அப்படி. மம்மி சட்டென்று பேச்சை மாற்றினார். அவ்வளவுதான் நடந்தது. அன்றையிலிருந்து அந்த வீட்டில் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளே பேசிப் பார்த்துக்கொண்டுதான் வெளியே பேசுகிறேன். தூக்கத்தில் உளறினால்கூட நல்ல தமிழில்தான் உளறுவேன் போலிருக்கிறது. இதோ, இதை எழுதுகிற தமிழ்கூட என்னுடையது இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சருடையது.

அதனால்தான் எனக்கு ஊர் ரயில் அவ்வளவு பிடிக்கும். மாதம் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மாரிக்குப்பம் ரயில் ஏறிவிடுவேன். பங்காரப்பேட்டை தாண்டினதும் தாடை தானாகத் தளரும். ஷூவைக் கழற்றினால் கால் விரலெல்லாம் விரியுமே, அந்த மாதிரி. வீட்டு வாசலில் நின்று "யம்மா" என்று கத்தினால் போதும், பிறகு யோசிக்கவே வேண்டாம், அது பாட்டுக்கு வரும். அம்மா திட்டுவாள், நான் திட்டுவேன், அவள் ஈயப் பாத்திரத்திலிருந்து டீயை டம்ளரில் ஊற்றி நங்கென்று முன்னால் வைப்பாள். இரண்டு பேரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவோம். எனக்கு அந்த ஒரு நாள் வேண்டும். அது இருந்தால் மிச்ச நாளெல்லாம் எப்படியோ ஓட்டிவிடுவேன்.

அண்ணி நல்லவர். தஞ்சாவூர்ப் பக்கம், எங்கள் சாதி இல்லை, மதம் இல்லை. அண்ணன்தான் வேண்டும் என்று வீட்டை எதிர்த்துக்கொண்டு வந்தவர். அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை சொன்னார். "பாஷைய ஒரு அபார்ட்மென்ட் மாதிரி வச்சுக்கோ மோனி. கீழ் வீட்டுல வெறும் சத்தம். அதுக்கு மேல சொல்லு. அதுக்கு மேல வாக்கியம். மொட்டை மாடில அர்த்தம். பழைய ஆளுங்க ஒவ்வொரு மாடியையும் தனித்தனியாப் பூட்டி வச்சுப் படிச்சாங்க." அப்படியானால் அதில் மனுஷன் எந்த மாடியில் இருக்கிறான் என்று கேட்டேன். அண்ணிக்கு ஒரே சந்தோஷம். "அதான்டி என் தீசிஸே! நீ யாரு, எந்த ஊரு, யார்கிட்ட பேசுற, அதெல்லாம் தனி மாடி இல்ல. தண்ணி பைப் மாதிரி எல்லா மாடிலயும் ஓடுது. எந்தக் குழாயைத் திறந்தாலும் வரும். மறைக்கவே முடியாது." எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. எங்கள் பில்டிங்கில் பைப் பிரச்சினை வந்தால் எல்லா மாடியிலும்தான் தண்ணீர் நிற்கும். அதற்கப்புறம் நானே ஒத்தாசை பண்ணினேன். கிளினிக்கில் பதிவு செய்ய டாக்டரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். மம்மி வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஊருக்கும் கூட்டிக்கொண்டு போனேன். மெஷின் ஓடுகிற விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அம்மா வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அது மறந்துபோகும். மறக்க வேண்டும் என்றுதானே அண்ணியும் பேசாமல் மூலையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

அரங்கம் நிறைந்திருந்தது. அண்ணி திரையில் அந்த அபார்ட்மென்ட் படத்தைப் போட்டு விளக்கினார். பிறகு, "இப்ப ஒரே ஆளோட மூணு பதிவு கேக்கலாம். பேரு, ஊரு எல்லாம் நீக்கிட்டோம். இவங்க பேச்சாளர் ஏழு" என்றார். முதலில் கிளினிக். பல் கூச்சத்துக்கு வந்த ஒருவரோடு நான் மூன்று பாஷையில் பேசுகிறேன். கூட்டம் ரசித்தது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது கிறிஸ்துமஸ் சாப்பாடு. பெயர் வருகிற இடத்தில் மட்டும் கீச்சென்று ஒரு சத்தம். "கீச் டியர், கேஸ் ஆஃப் பண்ணிட்டியா மா?" என்று ஒரு குரல் கேட்கிறது. "பண்ணிட்டேன் மம்மி, நீங்க உக்காருங்க, நான் கொண்டு வரேன்" என்று பேச்சாளர் ஏழு பதில் சொல்கிறாள். மம்மி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "என் வாய்ஸ், மோனிகா, என் வாய்ஸ்!" என்று காதில் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆரம்பித்தது. முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அம்மாவின் குரல்.

"வாடி, வா. இன்னா, மூஞ்சி இப்டி கீது? துன்னியா இல்லியா?"

"இன்னாத்த துன்றது. மொதல்ல ஒரு டீ குடு. வாய் நோவுதும்மா."

"வாய் ஏன்டி நோவுது? பல்லு டாக்டராண்டதானே கீற?"

"பல்லு இல்லம்மா. பேசிப் பேசி. காலீல இருந்து யாரோ மாரியே பேசிகினு இருந்தா நோவாதா? பேஜாராப் பூடுது."

பிறகு பேச்சாளர் ஏழு மூக்கால் பேசினாள். "கீச் டியர், கேஸ் ஆஃப் பண்ணிட்டியா மா?" இரண்டு நிமிஷம் முன்னால் கேட்ட அதே வார்த்தை, அதே இழுப்பு. கூட்டம் பிடித்துக்கொண்டது. அரங்கமே அதிர்கிற மாதிரி சிரிப்பு. பதிவில் அம்மாவும் சிரிக்கிறாள். "யம்மா சாமி, அப்டியே கீதுடி. இன்னொரு வாட்டி செய்டி" என்கிறாள். பேச்சாளர் ஏழு இன்னொரு வாட்டியும் செய்தாள்.

மம்மியின் கை என் கையிலிருந்து போயிருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. ஹேண்ட்பேக்கைத் திறந்து எதையோ தேடினார், மூடினார், திரும்பத் திறந்தார். மேடையில் அண்ணி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பார்வையை எங்கள் வரிசைக்குக் கொண்டுவந்தபோதுதான் எங்களைக் கண்டார். அவர் முகம் செத்துப்போனது. அந்தப் பெரிய படிப்பாளிக்கு அதுவரைக்கும் உறைக்கவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைசியில் எல்லாரும் கைதட்டினார்கள். மம்மியும் தட்டினார். அவர் அப்படித்தான், மரியாதை தெரிந்தவர். திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம் "எடக்கே ஹோகப்பா" என்று இடது பக்கம் திரும்பச் சொன்னதைத் தவிர வேறு ஒரு சொல் பேசவில்லை.

மறுநாள் காலை அடுக்களையில் பாலைக் காய்ச்சிக்கொண்டே கேட்டார். "மோனிகா, நான் அப்படியா மா பேசுறேன்?" டியர் இல்லை. "உனக்கு இங்க வாய் வலிக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உன்ன நான் மருமகளாவா நடத்தினேன்?" சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்படி எல்லாம் இல்ல மம்மி, சும்மா விளையாட்டுக்குச் சொன்னது" என்றேன். சொல்லும்போதே காதில் விழுந்தது, மன்னிப்புக் கேட்பதும் அதே குரலில், உள்ளே ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு. மம்மிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். பிறகு கேஸை அவரே அணைத்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் கேஸ் ஆஃப் பண்ணிவிட்டாயா என்று கேட்பதில்லை. அவர் என்னிடம் அளந்து பேச ஆரம்பித்தார், நான் முன்னைவிட அளந்து பேசினேன். டிவி மட்டும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஷெர்வின் கோபப்படவில்லை. பைக்கில் என்னைக் கிளினிக்கில் விடும்போது சிக்னலில் நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார். "ஒண்ணு கேக்கட்டா? என்கிட்ட பேசுறியே, அது எந்த வாய்ஸ்?" "சிக்னல் போட்டாச்சு, போங்க" என்றேன். அன்று முழுக்க அந்தக் கேள்வி மேஜைமேலேயே உட்கார்ந்திருந்தது. பதில் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. இவ்வளவு நாள் ஒரு மனுஷனோடு ஒரே கட்டிலில் படுத்தவளுக்குத் தெரிய வேண்டாமா என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அண்ணி மதியம் கிளினிக்குக்கே வந்தார். பக்கத்து பேக்கரி வாசலில் நின்று டீ குடித்தோம். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, தூங்கியிருக்க மாட்டார்.

"பேரை எடுத்துட்டேனே மோனி. ஊரை எடுத்துட்டேன், வயசை எடுத்துட்டேன். எல்லாம் முறைப்படிதான் செஞ்சேன். அவங்க வருவாங்கன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "அண்ணி, வாயைத் திறந்தா ஆளு யாருன்னு தெரிஞ்சுடும், மறைக்கவே முடியாதுன்னு வருஷக்கணக்கா எழுதுறது யாரு? நீங்கதானே? அப்புறம் இன்னா தைரியத்துல பேரை மட்டும் எடுத்துட்டு ஆளே போயிட்ட மாரி ஊரு முன்னால போட்டீங்க?"

இன்னா என்று வந்துவிட்டது. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கடைசியில், "நீ வெறும் டேட்டாவா ஆயிட்டடி எனக்கு" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அழுகிறவரை மேற்கொண்டு என்ன திட்டுவது? எனக்கும் தெம்பு இல்லை. பதிவை எடுத்துவிடுகிறேன், தீசிஸில் அந்த அத்தியாயமே வேண்டாம் என்றார். "ஆனா அதுல பேசின எல்லார்கிட்டயும் நேர்ல போய் நடந்ததைச் சொல்லணும். எங்க வேலைல அதுதான் முறை. அத்தைகிட்டயும் சொல்லணும்" என்றார். அத்தை என்றால் என் அம்மா. அவள் பேச்சாளர் எட்டு. அவளுக்கு எதுக்கு இதெல்லாம் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள், போன் அடித்துக்கொண்டிருந்தது, தலை வலித்தது. என்னவோ பண்ணுங்க அண்ணி என்றுவிட்டு உள்ளே போனேன்.

அந்த வாரம் அம்மா போனில் சரியாகவே பேசவில்லை. ம் என்றாள், ஆமாம் என்றாள், வைக்கட்டுமா என்றாள். பக்கத்தில் ஆள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் சனிக்கிழமைக்காகத்தான் காத்திருந்தேன். ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அம்மாவிடம் கொட்ட வேண்டியதை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன். மம்மி அளந்து பேசுவது, ஷெர்வின் கேட்ட கேள்வி, அண்ணி அழுதது. அம்மா என்னென்ன சொல்லித் திட்டுவாள் என்பதுகூடத் தெரியும். முதலில் என்னைத் திட்டுவாள், பிறகு மம்மியை, பிறகு அண்ணியை, கடைசியில் செத்துப்போன அப்பாவை. பங்காரப்பேட்டை தாண்டினது, தாடை தளர்ந்தது. வாசலில் நின்று "யம்மா" என்று கத்தினேன்.

அம்மா கதவைத் திறந்தாள். தலை வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள்.

"வாங்க மா. உக்காருங்க."

வெடித்துச் சிரித்துவிட்டேன். "இன்னா கெய்வி, டிராமாவா?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கு நாற்காலியை எடுத்துப் போட்டாள். தரையில் உட்காரப்போனவளைக் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள். "பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்துதுங்களா?" என்றாள். ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். டம்ளர் இல்லை. பூப்போட்ட பீங்கான் கப், அடியில் சாசர். கோயில் ஃபாதர் வந்தால் எடுப்பது அது. ஷெர்வின் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது எடுத்தது. மற்ற நாளெல்லாம் பீரோமேல் துணி சுற்றிக் கிடக்கும்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"கிருத்திகா வந்திருந்தாங்க. எல்லாம் சொன்னாங்க." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் பேசினதக் கேட்டு அத்தன பேரும் சிரிச்சாங்களாமே. என்னாலதான மா அந்த வீட்டுல உங்களுக்குத் தலகுனிவு. நான் மாத்திக்கிறேன். தெனமும் சொல்லிப் பாத்துகினு…" நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாத்துக்கிட்டு இருக்கேன். பழகினா வந்துடும். நீங்க பழகிக்கலையா?"

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. "யம்மா, அவங்க உன்ன பாத்து சிரிக்கலம்மா, நான் செஞ்ச கூத்துக்குதான் சிரிச்சாங்க. நீ பேசும்மா. உன் இஸ்டத்துக்குப் பேசு. திட்டு என்ன" என்றேன். அவள் நான் பெஞ்சுமேல் வைத்திருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமே வராமல், வெறும் உதட்டை அசைத்து, அதை மோவாயால் காட்டிக் கேட்டாள். ஓடுதா?

போனை அணைத்தேன். அணைத்ததை அவளிடம் காட்டினேன். எழுந்து போய் அரிசி டின்னைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டுப் போனை அரிசிக்குள் புதைத்தேன். மூடியைப் போட்டு அழுத்தி, மேலே இட்லிப் பானையையும் தூக்கி வைத்தேன். திரும்பி வந்து அவள் முன்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

"இப்ப கேளும்மா. துன்னியா இல்லியான்னு கேளு. ஒரே ஒரு வாட்டி."

அம்மா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியாதா அது. நாற்காலிமேல் கப்பில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருக்க, அவள் கண் மட்டும் மெல்ல நகர்ந்து என்னைத் தாண்டி அரிசி டின்னுக்குப் போனது.